சிவப்பில் நாற்பது நிமிடம்

திருத்தணி மேட்டுக்குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது ரூட்டரைத்தான். அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பிய வெண்ணிலா, அதில் சிவப்பு எரிவதைக் கண்டாள்.

"என்னங்க, நெட் இல்ல! சீக்கிரம் வாங்க!"

அவள் கணவன் செபாஸ்டின் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தான். ஸ்விட்சை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டான். சிவப்பு. கேபிளைப் பிடுங்கிச் செருகினான். அப்போதும் சிவப்பு. வாசற்கதவுத் திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது: 31.

கடல் சென்னையைக் கொண்டுபோன பிறகு வந்த சட்டம் அது. நாற்பது நிமிடம் வலையில் தெரியாத வீடு, ஆளில்லா வீடு. மொட்டைமாடிக் கூடாரங்களில் வீட்டுக்காகக் காத்திருப்பவர்களில் அடுத்த குடும்பத்தின் கைரேகைக்குப் பூட்டு தானாக மாறிவிடும். செல்போனும் வீட்டு வலையில்தான் இயங்கும் என்பதால், உள்ளே இருக்கிறோம் என்று சொல்லக்கூட வழியில்லை.

வெண்ணிலா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஜெயந்தியக்கா, உங்க வைஃபை பாஸ்வேர்டு குடுங்க. அஞ்சே நிமிஷம்."

"ரெண்டு வீடும் ஒரே லைன்ல தெரிஞ்சா, ஒரே வீடுன்னு பதிஞ்சு, ஒண்ணு போயிரும்மா," கதவைத் திறக்காமலே சொன்னாள் ஜெயந்தி. "பயமா இருக்கு. மன்னிச்சிரு."

பதினான்கு. செபாஸ்டின் கேபிள் போகும் வழியைப் பார்த்தபடியே மாடிக்கு ஓடினான். பால் பொங்கி வழிந்தது. வெண்ணிலா அடுப்பை அணைக்கக்கூட உள்ளே போகவில்லை. உள்ளே போன நேரத்தில் பூட்டு மாறி, கதவு அடைத்துக்கொண்டால்? மாடிக் கூடாரத்திலிருந்து மூட்டையோடும் கைக்குழந்தையோடும் ஒரு பெண் இறங்கி வந்து, கதவுத் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஐந்து. மூன்று. இரண்டில் எண் நின்று, திரையில் பச்சை எரிந்தது.

"குரங்கு ப்ளக்க இழுத்துப் போட்டிருக்கு!" மேலிருந்து செபாஸ்டின் கத்தினான்.

அந்தப் பெண் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். "அது இழுத்தப்பவே பாத்தேன்," என்றாள் மெதுவாக. "திரும்பச் சொருகிடலாம்னு போனேன். பிள்ள அழுதுச்சு. கைய மடக்கிக்கிட்டேன்."

வெண்ணிலாவுக்கு வாயில் வந்த வசவு நின்றுவிட்டது. அந்தப் பெண் படியேறிப் போகும்வரை பார்த்திருந்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொருகியிருப்பேனா?

மாட்டேன் என்று தெரிந்த பிறகுதான், அடுப்பை அணைக்க உள்ளே போனாள்.