நாலாவது கப்

"ஐயோ... கொலை!"

காலை பத்து மணி. காபி கம்பெனியின் ருசி அறையிலிருந்து மேனேஜர் போட்ட கூச்சலில் கட்டிடமே அதிர்ந்தது.

ருசி பார்ப்பவர் தரையில் குப்புறக் கிடந்தார்!

கம்பெனியில் அவருக்குப் பெயர் 'நாக்கு'. ஒரு வாய் காபியை வைத்துக்கொண்டு, கொட்டை எந்த மலைச் சரிவில் காய்த்தது என்று சொல்லிவிடுவார். அந்த நாக்கு இப்போது பேச்சு மூச்சில்லாமல்...

கால் மணி நேரத்தில் வந்து இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர், குனிந்து காது வைத்துக் கேட்டார்.

"கொர்ர்ர்ர்..."

"கொலையாம் கொலை! மனுஷன் குறட்டை விடறார்யா!"

பக்கத்துத் தெரு டாக்டரும் வந்து பார்த்தார். "தூக்க மாத்திரை. பயப்பட ஒண்ணுமில்ல. பன்னெண்டு மணிக்குள்ள எழுந்துடுவார்."

அப்பாடா என்று முதலாளி நெஞ்சில் கை வைத்த நேரத்தில், மேனேஜர் மேஜையைக் காட்டினான். அவன் முதலாளியின் மச்சான். சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அதிகாரம் தூள் பறந்தது.

மேஜையில் நாலு கப். நாலாவது கப்பில் வெள்ளையாக ஏதோ பொடி!

"பார்த்தீங்களா அத்தான்? நாலாவது கப் யாரோடது? இந்தம்மாவோட சங்கத்துக் காபி! கொட்டை மட்டம்னு நாக்கு கண்டுபிடிச்சிடுவார்னு பயந்து, மாத்திரையைக் கலந்துட்டாங்க!"

வாசலோரம் நின்றிருந்த விவசாயிகள் சங்கத் தலைவிக்கு முகம் வெளிறிவிட்டது. விடியற்காலை பஸ் பிடித்து வந்த களைப்பு வேறு.

"மேடம்... சத்தியமா நான் இல்ல! நாற்பது குடும்பம் என்னை நம்பி அனுப்பியிருக்கு. நான் ஏன் என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கப் போறேன்?"

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 'நேர்மைக் கலவை' என்று கம்பெனி ஒரு புதுக் காபித் தூள் கொண்டுவருகிறது. விளைவித்தவர்களிடமே நேராகக் கொள்முதல். பாக்கெட்டில் தலைவியின் சிரித்த முகம். நாக்கு 'சரி' என்று சொன்னால், பன்னிரண்டு மணிக்கு ஒப்பந்தம்!

"ஒப்பந்தமாவது மண்ணாவது! என் ஃப்ரெண்டோட எஸ்டேட்ல கொட்டை தயாரா இருக்கு. அதை வாங்கிப் போடுவோம்" என்றான் மச்சான்.

"பாக்கெட்ல என் மூஞ்சி இருக்கே?" என்றாள் தலைவி.

"அது அப்படியே இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு?"

நேர்மைக் கலவை! என்னே நேர்மை!

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சுளித்தார். மேஜைக்கடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ நிரம்பிய ஒரு வாளி.

"என்ன கண்றாவி சார் இது?"

"துப்புற வாளி மேடம்" என்றார் முதலாளி. "ருசி பார்க்கிறவங்க ஒரு ஸ்பூன் எடுத்து 'சர்ர்'னு உறிஞ்சி, நாக்குல உருட்டிட்டு, துப்பிடுவாங்க. ஒரு நாளைக்கு நாற்பது கப். எல்லாத்தையும் முழுங்கினா மனுஷன் தூங்கவே மாட்டாரே!"

இன்ஸ்பெக்டரின் கண்கள் பளிச்சிட்டன.

"அப்படின்னா... துப்பின காபியில எப்படி சார் இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும்?"

முதலாளி பக்கம் திரும்பினார்.

"இங்க அவர் எதைத்தான் முழுங்குவார்?"

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் வெந்நீர். அவ்வளவுதான்."

"இன்னிக்கு வெந்நீர் கொண்டுவந்தது யார்?"

முதலாளி மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது!

"நாலாவது கப்பைப் பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "பொடி கரையாம மிதக்குது. சூட்டுல போட்டிருந்தா கரைஞ்சிருக்கும். காபி ஆறினப்புறம், இவர் விழுந்தப்புறம், நீ போட்டிருக்கே! காபி கம்பெனி மேனேஜர்... ருசி பார்க்கிறவங்க துப்புவாங்கன்னு தெரியாதா உனக்கு?"

"நான்... நான் டீ குடிக்கிறவன் மேடம்!"

உளறிவிட்டான்! வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது, அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையும் வந்து விழுந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "உங்க அக்கா முகத்துக்காக வேலை கொடுத்தேன் பாரு... என்னைச் சொல்லணும்!"

மச்சான் ஜீப்பில் ஏறினான்.

மணி பதினொன்றே முக்கால். நாக்கு எழுந்து உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டார். கொட்டாவி விட்டார்.

"அதெல்லாம் அப்புறம். நாலாவதைப் புதுசாப் போடுங்க."

போட்டார்கள். ஸ்பூனில் எடுத்தார். உறிஞ்சினார். உருட்டினார். வாளியை நோக்கிக் குனிந்தார்...

தலைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாற்பது குடும்பத்தின் கதி அந்த வாய்க்குள் உருண்டுகொண்டிருந்தது.

மடக்!

முழுங்கிவிட்டார்!

"முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் துப்ப மனசு வரல" என்றவரின் கண் கலங்கியிருந்தது.

முதலாளி துள்ளிக் குதித்து ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டினார். மிச்சக் காபியைத் தலைவியிடம் கொடுத்தார். "குடிம்மா! உன் காபிதானே!"

"எங்க காபியை நாங்க எங்க சார் குடிச்சோம்? பழுத்த நல்ல கொட்டை எல்லாம் மூட்டையில ஏறிடும். பொறுக்கித் தள்ளின சொத்தையைத்தான் வீட்டுல வறுத்துக் குடிப்போம்."

ஒரு வாய் குடித்தாள். அசையாமல் நின்றாள். இன்னொரு வாய். அப்புறம் கப்பையே வாயில் கவிழ்த்துவிட்டு... வாங்கிய பேனாவை மேஜையில் வைத்தாள்!

முதலாளி பேனாவை எடுத்து மறுபடி நீட்டினார். "என்னம்மா... கையெழுத்து?"

"போடறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு வரி சேர்த்துக்குங்க. முதல் மூட்டை எங்க நாற்பது வீட்டு அடுப்படிக்கு. நாங்க குடிச்சது போக மிச்சம்தான்... உங்க நேர்மைக்கு!"