தட்டின் இடது பாதி

தட்டு திரும்பும்போது வளையல் சத்தம் கேட்கவில்லை. மேஜையில் எவர்சில்வர் லேசாக உரசியது, காலியான பக்கத்தில் மீதிச் சோறு வந்து நின்றது, அவ்வளவுதான். தங்கையின் கை என்றால் கலகலவென்று ஊருக்கே தெரியும். ஆபீஸிலிருந்து எப்போது வந்தாள், வளையலை எப்போது கழற்றினாள் என்று அக்காவுக்குப் புரியவில்லை. மற்ற நாட்களில் டிவி இரைச்சலில் இதையெல்லாம் கவனித்ததில்லை.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததிலிருந்து அவளுக்கு உலகத்தில் இடது பக்கமே கிடையாது. கண்ணில் கோளாறில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கைகழுவிவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் இடது பக்கம் பார் என்று எத்தனையோ பேரைத் திட்டியவளுக்கு வந்த நிலைமை. பயிற்சி கொடுக்க வரும் பெண் மேஜையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பழகினால் மூளை வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்றாள். இடது பாதிச் சோறு அப்படியே மிஞ்சினாலும் தட்டை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. டேப் தெரிந்துவிட்டால் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாம். அந்த ஆசையில்தான் அவள் நாட்களை ஓட்டினாள்.

தங்கைக்கு மனசு கேட்காமல் ஒவ்வொரு வேளையும் திருப்பிவிடுகிறாள் என்று நினைத்து, அவளும் பயிற்சிப் பெண்ணிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

வலப்பக்கம் போன் அடித்தது. தங்கை.

“அக்கா, பஸ்ஸே கிடைக்கல. இன்னும் ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன். மூடி வெச்சதைச் சாப்பிட்டியா?”

“அப்ப தட்டைத் திருப்பினது?”

“நீதான். நான் ஒரு நாளும் திருப்பினதில்லையே. தட்டு காலியா இருக்கிறதைப் பார்த்து, நீயே திருப்பிக்கிறியேன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

போனை வைத்ததும் குழாய் சொட்டுவதும், மின்விசிறி முனகுவதும், அவற்றுக்கு நடுவே இடப்பக்கத்தில் ஈரம் காயாத துணியின் வாடையோடு யாரோ அடக்கி அடக்கி மூச்சு விடுவதும் தெரிந்தன.

ஒருவேளை மூளை மறந்துபோன தன் இடது கைக்கே உயிர் வந்துவிட்டதோ? நப்பாசை. வலது கையால் மடியைத் தடவினாள். இடது கை அங்கேயேதான் கிடந்தது. சில்லென்று.

ஓடலாம். வாசல் இடப்பக்கம்.

டேப் தெரிய வேண்டாம் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். ஆனால் பழகிய தலை தானாகவே திரும்பியது. தட்டு. டம்ளர். மேஜை ஓரம்.

சிவப்பு டேப்.

மூளை வழி கண்டுபிடித்துவிட்டது.

டேப்பின் மேல் விரல்கள். அவள் பார்க்கமாட்டாள் என்ற தைரியத்தில் இத்தனை நாளும் அங்கேயே இருந்தவை, பார்த்ததும் அசையாமல் நின்றன. பிறகு நிதானமாக நீண்டு, தட்டை அவள் பக்கம் திருப்பின.