வியாழக்கிழமைச் சட்டைகள்

மஞ்சள் சட்டைப் படத்தில் சிலம்பரசன் இல்லை.

கதவு இருந்தது, விரியத் திறந்து. வாசற்படியில் செருப்பு இருந்தது. வார் அறுந்து ஊக்கு குத்திய அவனுடைய செருப்பேதான். அந்தச் செருப்பில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய ஆளை மட்டும் காணோம்.

வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் கவனித்தான். அதற்குள் மேலதிகாரி பிரேமா மேடத்தின் பதில் வந்துவிட்டது: "உள்ள போயாச்சா? வெரி குட் சிலம்பு."

பாகூரில் ஒரு டிரஸ்டில் அவன் இளைஞர் மனநலப் பணியாளர். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை வாராவாரம் போய்ப் பார்த்து, அவர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டும். போனதற்குச் சாட்சி ஒரு படம். பிள்ளையின் முகம் படத்தில் வரக்கூடாது என்பது விதி. ஆகவே சாத்திய கதவும், அதன்முன் பணியாளரும் போதும். விதியை எழுதிய புண்ணியவான் சிலம்பரசனை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

மணப்பட்டு ராஜ்கமல் வீட்டுக்கு அவன் ஒழுங்காகப் போனது ஒரே ஒருமுறை. கடலில் அண்ணனைப் பறிகொடுத்தபின் அறையைவிட்டு வெளியே வராத பையன். அரை மணி நேரமும் வாய் திறக்கவில்லை. 'மௌனத்தோடு உட்காரப் பழகுதல்' பயிற்சி முடித்து, லேமினேட் செய்த சான்றிதழ் சிலம்பரசனிடம் உண்டு. உட்காரத்தான் வரவில்லை. கிளம்பும்போது பையன் கேட்டான்: "அடுத்த வாரமும் வருவீங்களாண்ணா?"

"சத்தியமா வரேன்டா."

அடுத்த தடவை பை நிறையச் சட்டையோடு போனான். நல்ல மத்தியானம். பையனின் அம்மா கலியம்மாள் வழக்கம்போல மீன் விற்கப் போயிருந்தாள்; அவனை அவள் பார்த்ததே இல்லை. கதவைத் தட்டவில்லை. எதிர்ச்சுவரில் போனைச் சாய்த்து வைத்து, வெள்ளை, நீலம், கோடு போட்டது, கடைசியாக மஞ்சள் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் படமெடுத்துக்கொண்டான். வியாழனுக்கு ஒன்றாகக் குழுவில் போட்டால் வேலை முடிந்தது. மஞ்சளுக்குப் பொத்தான் போடும்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, நீங்களா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்குச் சிரிப்புகூட வந்தது.

இப்போது முந்தைய வாரப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். வெள்ளைச் சட்டையில் கதவு சாத்தியிருந்தது. நீலத்தில் விரல் நுழையும் சந்து. கோடு போட்டதில் கையே நுழையும்; படத்திலிருந்த சிலம்பரசனின் தலை கதவுப் பக்கம் திரும்பியிருந்தது, கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்கிறவன்போல.

படமெடுத்த அன்று அவன் தலையைத் திருப்பவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் மணப்பட்டுக்கு வண்டியை விரட்டினான். சவுக்குத் தோப்புகளின் நிழல் சாலையில் விழுந்து கிடக்க, கருவாட்டு வாடையும் ஈர உப்பும் மூக்கில் ஏற, வண்டிச் சத்தத்துக்கு அடியில் அலைச்சத்தம் யாரோ மூச்சு வாங்குவதுபோல விட்டு விட்டுக் கேட்டது.

கலியம்மாள் தெருப்பக்கம் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாபா, யாரு நீ?"

"சிலம்பரசன்மா. ராஜ்கமலைப் பார்க்க வருவேனே."

அவள் சிரித்துவிட்டாள். "நல்லா வெளையாடுற போ. சிலம்பு தம்பி உள்ளாற பேசிக்கினு கீது. வியாயக்கெயம ஆனா தவறாம வந்துடும், தங்கமான புள்ள. ஒரே கூச்சம் அதுக்கு. இன்னிவரைக்கும் மொகத்தக் காட்டுனதில்ல, முதுவக் காட்டிக்கினேதான் உள்ள பூடும்."

அவன் வாயில் வந்தது ஒரே கேள்விதான். "என்ன சட்டைமா?"

"மஞ்ச. ஏம்பா?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இன்னியோட கடைசியாம். இனிமே வராதாம். அதான் பையன கடக்கரைக்கு இட்டுனு போறேன்னுது. எம்மா நாள் கயிச்சி வூட்ட வுட்டு எறங்குறான், தெரியுமா?"

கடைசி என்பது சிலம்பரசனுக்குத் தெரியும். பையில் வேறு சட்டை கிடையாது.

கதவு விரியத் திறந்திருந்தது. படியில் செருப்பு. வாரில் ஊக்கு. தன் காலைப் பார்த்தான். அதே செருப்பு. அதே ஊக்கு.

அறையில் கட்டில் காலி. இரண்டு டம்ளர் டீ. ஒன்று குடித்தது. ஒன்று ஆடை படிந்து அப்படியே.

பின்கதவும் திறந்திருந்தது. அப்பால் மணல்.

ஓடினான். பின்னால் சூரியன். அவன் நிழல் அவனுக்கு முன்னால் ஓடியது. மணலில் பையனின் கால்தடம் மட்டும். பக்கத்தில் எதுவும் இல்லை.

தண்ணீரில் இரண்டு பேர். இடுப்பளவு. பையனின் தோளில் ஒரு மஞ்சள் கை.

"டேய் ராஜ்கமல்! நான்தான்டா சிலம்பு! வந்துட்டன்டா!"

பையன் திரும்பவில்லை. பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ கேட்டான். அவன் தலையாட்டினான்.

மார்பளவு.

கழுத்தளவு.

வீட்டு வாசலிலிருந்து கலியம்மாளின் குரல், சந்தோஷமாக: "பத்தரமா இட்டுனு போ தம்பி!"

மஞ்சள் சட்டை நின்றது. மெல்லத் திரும்பியது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.

முகம் இல்லை. விதிப்படி.