கிடைக்காத ஊசிமுனை

"ஆண்டவரே! சொந்த வீட்டுப் பிள்ளையோட சோத்துல மண்ணள்ளிப் போட்டவங்களையும் நீர் மன்னியும்!"

மாமியாரின் காலை ஜெபம் இது. கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முகம் மட்டும் மூத்த மருமகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியிருந்தது. ஆண்டவரிடம் சொல்வது போல மருமகளைத் திட்டும் இந்த வித்தை ஒன்பது நாளாக நடக்கிறது. ஜெபத்துக்கு எதிர்ப்பேச்சு பேச முடியுமா என்ன? மூத்தவள் 'ஆமென்' சொல்லிவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனாள்.

டீ கொண்டுவந்து வைத்தாள். கொழுந்தன் தொடவில்லை. வேலை போனதிலிருந்து சவரம்கூடச் செய்யாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஏழு மாத வயிற்றோடு பக்கத்தில் இருந்த அவன் மனைவி தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. நீங்களே குடிங்க. வேலைக்குப் போறவங்க நீங்கதானே..."

மூத்தவள் கணவனைப் பார்த்தாள். அவருக்குத் திடீரென்று சட்டைப் பொத்தான் பெரிய வேலையாகிவிட்டது. ஒன்பது நாளாக அவரும் பேசவில்லை. 'துண்டு எங்கே, சாவி எங்கே' என்பதெல்லாம் பேச்சில் சேர்த்தியா?

அவளும் கொழுந்தனும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார்கள். குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலை. அவன் தையல் வரிசைக்குச் சூப்பர்வைசர். அவள் ஊசி கொடுக்கும் மேசையில். அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ஓர் அட்டையில் முழு ஊசியாக ஒட்டிக் கொண்டுவர வேண்டும். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த வரிசையில் தைத்த உடுப்பு எதுவும் வெளியே போகக் கூடாது.

அன்று உடைந்த ஊசியின் முனை மட்டும் கிடைக்கவில்லை. சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நின்றது. உடுப்புக்குள் இரும்பு இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினும் பழுதாகிக் கிடந்தது. அரைமணி நேரத்தில் கொழுந்தன் முழு ஊசி ஒட்டிய அட்டையோடு வந்து நின்றான். அவள் முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். சுருக்கென்று குத்தியது! அந்த வரிசையில் தைக்கும் பனியன் துணிக்குப் போடும் ஊசி முனை மழுங்கலாக அல்லவா இருக்கும்? வேறு ஊசியை உடைத்து ஒட்டியிருந்தான்.

தினமும் மேசையில் உட்காரும் முன் அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடுவாள். 'ஜெபக்கார அக்கா' என்று பெண்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை பாடுகிற வாய் வேறு, திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிற கை வேறு என்று இருக்க அவளுக்குத் தெரியாது. அதைப் பிழைக்கத் தெரியாதவள் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அவள் நேராக மேனேஜரிடம் ஓடவில்லை. துணி அடுக்கும் அறைக்குக் கொழுந்தனைத் தனியாக அழைத்துப் போனாள்.

"வேண்டாம்ப்பா... பச்சப்புள்ளைங்க போடுற உடுப்பு. நீயே போய் வண்டிய நிறுத்து. உன்கூட நானும் வந்து நிக்கிறேன்."

"கையெழுத்தப் போடுங்க அண்ணி. உங்க பக்தியெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க!"

இன்னொரு முறையும் கேட்டுப் பார்த்தாள். அவன் மசியவில்லை. அதன் பிறகுதான் மேனேஜர் அறைக்குப் போனாள். வண்டி நின்றது. அவன் வேலையும் போனது.

வீட்டில் அவன் சொன்ன கதை வேறு. தெரியாமல் துண்டு மாறிப்போனதாம். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணி காட்டிக்கொடுத்துவிட்டாளாம். மூத்தவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு முன்னால் அவள் புருஷன் தெரிந்தே செய்தவன் ஆகிவிடுவான். அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்த நாளில் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். அவன் படிக்கட்டும் என்று தன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். ஊட்டி வளர்த்தவனைத் தலைகுனிய வைக்க மனசு வரவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன் அத்தை!" சின்னவள் மூச்சு வாங்கப் பேசினாள். "பொறக்கப்போற என் பிள்ளைய இவங்க தொடக்கூடாது! இந்தக் கை என் பிள்ளை மேல படவே கூடாது!"

மாமியார் தடுக்கவில்லை. இரண்டு முறை கரு வயிற்றில் தங்காமல் போன மூத்தவளிடமா இப்படிப் பேசுவது? அவள் குடிக்காத தம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

கொழுந்தன் மெதுவாகத் திரும்பினான்.

"அண்ணி... அந்த முனை கிடைச்சுதா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா... விடு."

"சொல்லுங்க அண்ணி!"

"முந்தாநாள் கிடைச்சுது. எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தோம்."

"எங்க இருந்துச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பொறந்த குழந்தைக்குப் போடுற சட்டை... கழுத்துப் பட்டிக்குள்ள."

சின்னவளின் கை தானாக வயிற்றுக்குப் போனது. கொழுந்தன் இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டான்.

"தெரிஞ்சேதான்மா செஞ்சேன்! வேற ஊசிய உடைச்சு ஒட்டினவன் நான்தான். அண்ணி ரெண்டு தடவை என்கிட்ட தனியா வந்து கெஞ்சினாங்க. கூட வந்து நிக்கிறேன்னுகூடச் சொன்னாங்க. நான்தான் விரட்டிவிட்டேன். உங்ககிட்ட சொன்னது அத்தனையும் பொய்!"

"அக்கா... என்னை அடிங்கக்கா!" என்று சின்னவள் வந்து விழுந்தாள். மூத்தவள் அவளை வயிறு அழுந்தாமல் அணைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் அழுகையும் அப்போதுதான் வந்தது. மாமியார் எழுந்து வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஒன்பது நாளா நான் பண்ணின ஜெபத்த எல்லாம் எங்கடி கொண்டுபோய்க் கொட்டுவேன்! இப்படி ஊமையா இருந்துட்டியே பாவி..."

வேலைக்கு நேரமாகிவிட்டது. மூத்தவள் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது கொழுந்தன் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான்.

"நானும் வரேன் அண்ணி. மேனேஜர்கிட்டயும் தெரியாம நடந்துச்சுன்னுதான் சொல்லியிருக்கேன். உண்மையச் சொல்லிட்டு வந்துடறேன். வேலை கேக்க இல்ல."

வாசலில் கணவர் வழிமறித்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே... நான் உன் புருஷன் இல்லையா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோங்க... ஆனா நீங்க ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

கொழுந்தனோடு அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.