இரண்டு பேருக்கான குளிர்

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

கைகழுவக் கொல்லைக்கு வந்த லில்லி அதைப் பார்த்து நின்றாள். சுவரை உடைத்து மாட்டியிருந்த ஏர்கண்டிஷன் பெட்டியின் பின்புறம் கொல்லைப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து இறங்கிய ரப்பர் குழாய், கீழே வைத்த வாளியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக அல்ல, விடாத நூலாக. காலையில் அவளே கவிழ்த்துக் காலி செய்த வாளி. சென்னையில் அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அறையிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தது. அதற்கடியில் ஒரு பால் டப்பாதான் வைத்திருப்பார்கள். பகல் முழுக்க ஓடினாலும் டப்பா நிறைந்து அவள் பார்த்ததில்லை.

கத்திரி வெயில் தலையில் இறங்கியது. குனிந்து அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். உதட்டில் பட்டது உப்புக் கரித்தது.

"ஊத்திடும்மா," என்றாள் பின்னால் வந்து நின்ற நீலாம்பாள். "அது ரொம்பிக்கினேதான் இருக்கும்."

நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்து வீடுகளைப் போலவே அதுவும் தெருவில் தொடங்கிக் கொல்லையில் முடிகிற ஒடுக்கமான நீள வீடு. நீலாம்பாளின் கணவர் வேலாயுதம் பட்டுச் சேலை வியாபாரி. போன கோடையில் வாதம் வந்து விழுந்தவர். பேச்சு போயிற்று, கைகால் போயிற்று, கூடவே வெயில் தாங்குகிற சக்தியும் போயிற்று. உடம்பு சூடேறினால் தானாக இறங்காது. அந்தச் சூட்டில் ஜன்னி கண்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுபத்து மூன்றாம் வருஷம் அந்தத் தெருவிலேயே யாரும் பார்த்திராத அந்தப் பெட்டியைச் சென்னையிலிருந்து லாரியில் வரவழைத்தார்கள். கொல்லைக்கு முந்தின அறையின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மேலே இருந்த காற்றுத் துவாரத்துக்குப் பலகை அடித்தார்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். வெளிக்காற்று ஒரு பொட்டு நுழைய வழியில்லை. உள்ளே இருக்கிற காற்றையே பெட்டி இழுத்து, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விட்டது.

லில்லி ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, பகலெல்லாம் அந்த அறையில் அவரோடு இருப்பாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை.

முதல் நாட்களில் அது சொர்க்கமாக இருந்தது. தார் உருகுகிற தெருவிலிருந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினால், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அறுந்து, பெட்டியின் உறுமல் மட்டும் மிஞ்சும். குளிர் ஈரத் துணி போலக் கழுத்தில் வந்து ஒட்டும். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. குளிர் நேராக வருவதில்லை. எதையோ சுற்றி வளைத்துக்கொண்டு, இடுக்குகள் வழியாக வருவதுபோல் முகத்தில் ஒரு கீற்றும் முழங்காலில் ஒரு கீற்றுமாகப் பட்டது, முதுகுப் பக்கமோ எந்நேரமும் வெதுவெதுப்பாகவே இருந்தது. டெட்டாலும் நீலகிரித் தைலமும் மணக்க வேண்டிய அறையில், அவற்றுக்கு அடியில், தலைக்கு வைத்து வாடிய கனகாம்பரமும் வேப்பெண்ணெயும் பீடியும், ஒன்றோடொன்று சேராத பலவித எண்ணெய்த் தலைகளின் வாடையும் இருந்தன. அந்த வீட்டில் பீடி பிடிப்பவர் யாரும் இல்லை.

ஒருநாள் அவள் கையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் நழுவி விழுந்தது. நான்கு பக்கமும் மொட்டைச் சுவர், சிமெண்டுத் தரை. கணீரென்று ஒலித்து எதிரொலித்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் துணி மூட்டைக்குள் விழுந்ததுபோல் அங்கேயே அமுங்கிப்போனது.

வேலாயுதம் மட்டும் கண்களைத் திருப்பிப் பார்த்தார். டம்ளரை அல்ல. டம்ளருக்குக் கொஞ்சம் மேலே, ஆள் குனிந்தால் முகம் இருக்கும் உயரத்தை.

"நீங்க ஏம்மா உள்ள வந்து உட்கார மாட்டேன்றீங்க?" என்று அன்று மாலை நீலாம்பாளைக் கேட்டாள். இரவிலும் நீலாம்பாள் கதவுக்கு வெளியேதான் பாய் போட்டுப் படுப்பாள். கூப்பிட்டால் ஓடி வந்து செய்துவிட்டு ஓடிவிடுவாள்.

"எனக்கு அங்க நிக்க முடியலம்மா."

"குளுருதா?"

நீலாம்பாள் இல்லையென்று தலையாட்டினாள்.

அந்த வார நடுவில் பெட்டியைப் பார்க்கச் சென்னையிலிருந்து மெக்கானிக் வந்தான். முனிரத்தினம் என்று பெயர். நடு வயசு, வாயில் வெற்றிலை. மின்சாரக் கட்டணம் தாறுமாறாக ஏறுகிறது, பெட்டி நிற்காமல் ஓடுகிறது என்று நீலாம்பாள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் கொல்லையில் ஏணி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி வெகுநேரம் பார்த்தான். பெட்டியின் முதுகிலிருந்து அனல் காற்று அவன் சட்டையைப் படபடக்க வைத்தது. லில்லி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேஸ் சரியா இருக்குது சிஸ்டர். மோட்டார் நல்லா இருக்குது. வலையும் சுத்தம். மிசின்ல ஒண்ணும் கோளாறு இல்ல."

"அப்ப ஏன் நிக்கவே மாட்டேன்னுது?"

"இது குளுர உண்டாக்குற மிசின்னு நெனைச்சிக்கினு இருக்காங்க எல்லாரும். அதெல்லாம் இல்ல. உள்ள இருக்கிற சூட்ட வாரிக்கினு வந்து வெளிய கொட்டுது, அவ்ளோதான். உள்ள சூடு கொறைஞ்சா தானா நின்னுடும். ஏறுச்சின்னா மறுபடி ஓடும்." இறங்கிவந்து வாளியைப் பார்த்தான். "இந்தத் தண்ணியும் உள்ள இருந்து வர்ற ஈரம்தான். மூச்சு, வேர்வை."

"சூடு எங்கேர்ந்து வரும்? அடைச்ச ரூமு. அடுப்புகூட இல்ல."

"ஆளுங்கதான் சூடு. ஒரு ஆளு சும்மா குந்திக்கினு இருந்தாலே ஒரு நூறு வாட்ஸ் பல்பு எரியிற சூடு." வெற்றிலையைத் துப்பினான். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டான். "உள்ள எத்தினி பேரு இருக்கீங்க?"

"ரெண்டு பேரு."

முனிரத்தினம் மறுபடி ஏணியில் ஏறிப் பெட்டியின் முதுகில் கையை வைத்துப் பார்த்தான்.

"ரெண்டு பேருக்கு இவ்ளோ சூடு வராதே சிஸ்டர். கல்யாண மண்டபத்துல மாட்டினா மாதிரி ஓடுது."

உள்ளே வந்து முன்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றான். லில்லி கதவைத் திறந்து விட்டாள். அறையில் கட்டிலும் மருந்து மேசையும் ஒரு ஸ்டூலும்தான். மற்றதெல்லாம் வெறும் தரை. முனிரத்தினம் வாசலைத் தாண்டியதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உடம்பை ஒருக்களித்து, சுவரோரமாகத் தேய்த்துக்கொண்டு பெட்டி வரைக்கும் போனான். திரும்பும்போதும் அப்படியேதான். நடுவில் ஒரு தடவை தலையைத் தாழ்த்தி, "கொஞ்சம் நகரு," என்றுகூட முணுமுணுத்தான். சொன்ன பிறகு நின்றுவிட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அவன் போன பிறகு லில்லி வாசலில் வெகுநேரம் நின்றாள். அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டிருந்தது. அவளும் பல நாளாக அந்த அறையில் ஒருக்களித்துத்தான் நடக்கிறாள்.

"நாளைக்கு நான் வரலம்மா," என்றாள் நீலாம்பாளிடம். "வேற ஆளு பார்த்துக்குங்க."

நீலாம்பாள் ஏன் என்று கேட்கவில்லை. "இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் பார்த்துடும்மா. உடம்பு தொடைக்கணும். எனக்கு அவரத் தூக்க முடியாது." சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். "அவரு சாவணும்னு நான் நெனைக்கல. அவர அங்க தனியா உடவும் என்னால முடியல."

'தனியா' என்ற சொல் லில்லியை உறுத்தியது. ஆனால் படுத்தபடியே கிடக்கும் அந்த மனிதரைத் துடைக்காமல் விட்டால் புண் பிடிக்கும். அவள் வெந்நீர்க் கிண்ணத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் போடவில்லை. அதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று.

டியூப்லைட் அணைந்தது. பெட்டி ஒரு முறை உதறிக்கொண்டு நின்றது. ஜன்னல் இல்லாத அறையில் பகல் என்பதற்கு அடையாளமே இல்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே கறுப்பு. குளிர் கொஞ்ச நேரம் தங்கும், கல் சுவர், சீக்கிரம் சூடேறாது, கதவைத் திறந்து வைத்து விசிறியால் வீசினால் போதும் என்று ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் மனம் சொல்லிக்கொண்டே போனது.

குளிர் தங்கவில்லை.

அடுப்பு மேல் மூடியைத் திறந்ததுபோல் வெக்கை எழுந்தது. நான்கு பக்கமிருந்தும். முகத்தருகே. பிடரியில். அதில் ஏற்றமும் இறக்கமும் இருந்தது. உள்ளே இழுத்தது. வெளியே விட்டது. பெட்டி இத்தனை நாளும் தன் உறுமலால் மூடி வைத்திருந்த சத்தம் இப்போது கேட்டது. மூக்கால் விடுகிற மூச்சு. ஒன்றல்ல.

"அம்மா," என்று கத்தினாள். "கதவத் திறங்க."

வெளியே நீலாம்பாள் ஓடி வரும் சத்தம். கதவு அதிர்ந்தது. திறக்கவில்லை.

"தாழ் போட்டிருக்கியா?"

"இல்லம்மா. தள்ளுங்க. உள்பக்கமா தள்ளுங்க."

"தள்ளிக்கினுதான் இருக்கேன். இம்மிகூட அசையல. ஏதோ முட்டுக் குடுத்தா மாதிரி இருக்குதும்மா."

முட்டுக் கொடுக்க அந்த அறையில் எதுவும் இல்லை. கதவுக்குப் பின்னால் வெறும் தரை. லில்லி எழுந்தாள். எழுந்தவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோளில் ஏதோ இடித்தது. கல் இல்லை. மரம் இல்லை. கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து, பிறகு திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது.

அவள் மூச்சை அடக்கினாள். மற்றவை அடங்கவில்லை.

கட்டில் கிரீச்சிட்டது. மெதுவாக. நீளமாக. ஒரு வருஷமாக விரலைக்கூட அசைக்காத மனிதரின் கட்டில். அதற்குப் பிறகு குரல். பேச்சுப் போன வாயிலிருந்து, கரகரத்து, மிகவும் பணிவாக.

"வாங்க. குந்துங்க."

ஈர நெற்றி ஒன்று அவள் முழங்கையில் உரசியது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். வலப் பக்கம். இடப் பக்கம். தாழ்வாக, இடுப்பு உயரத்தில் ஒன்று. ஜெபம் சொல்லப் பார்த்தாள். காற்று போதவில்லை. இருந்த காற்றை எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டியூப்லைட் மினுங்கியது. இரண்டு தரம். பிறகு எரிந்தது. பெட்டி உறுமத் தொடங்கியது.

அறை காலியாக இருந்தது.

வெள்ளைச் சுவர். மருந்து மேசை. கதவு வரைக்கும் பளிச்சென்று வெறும் தரை. கட்டிலில் வேலாயுதம் சுவரோடு சுவராக ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கி, தன்னால் முடிந்த மட்டும் குறுகிப் படுத்திருந்தார். அவர் விட்டுக் கொடுத்த இடத்தில் மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது. வரிசையாக, மூன்று இடத்தில்.

லில்லி கதவைப் பார்த்தாள். நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். எழுந்திருக்க முயன்றாள். முழங்கையை விரிக்க இடமில்லை. காலை நீட்ட இடமில்லை. வாய் திறந்தாள். திறந்த வாயை எதுவோ ஈரத் துணியாக வந்து அடைத்துக்கொண்டு நின்றது.

"கரண்டு வந்துடுச்சும்மா," என்றாள் நீலாம்பாள் கதவுக்கு வெளியிலிருந்து. குரலில் நிம்மதி. "இனிமே சில்லுனு ஆயிடும். நீ பதறாம உட்காரு. கதவப் பேக்க நான் ஆசாரியக் கூட்டினு வரேன்."

காலடிகள் வாசல் பக்கமாகப் போய்த் தேய்ந்தன.

நல்ல வெளிச்சத்தில், காலி அறையின் நடுவில், லில்லியின் சேலை நான்கு பக்கமும் உடம்போடு அழுந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கன்னம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நசுங்கித் திரும்பியது. அது அழுந்திய இடம் வழவழவென்று வியர்த்திருந்தது. சட்டை போடாத ஒரு தோள். மூச்சு வாங்கி, கொஞ்சம் உயர்ந்து, தாழ்ந்து, இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.