அப்பாவுக்கு ஒரு பாறைக்குளம்

அப்பாவிடம் சொல்வதற்கென்று இளவேனில் எட்டு மாதமாக நிறைய விஷயங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டு மாடியில் பூனை குட்டி போட்டது. கன்னடத்தில் தொண்ணூற்று இரண்டு மார்க் வாங்கியது.

அப்பா அப்பாதுரை மங்களூர் துறைமுகத்தில் வெல்டர். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதற்குள் பெங்களூர் வந்து திரும்ப முடியாது. அதனால் தசரா விடுமுறையில் அம்மா ஜெயலட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிறு காலையில் மங்களூர் பஸ் நிலையத்தில் அப்பாவைப் பார்த்ததும் இளவேனிலுக்கு என்னவோபோல் இருந்தது. கறுத்து, இளைத்து, தாடியோடு வேறு யாரோபோல் நின்றிருந்தார். அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"என்ன வேனி, பெரிய பொண்ணாயிட்டே. நாலாங்கிளாஸ்தானே?"

"அஞ்சு."

"ஓ, அஞ்சா."

சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

அப்பாவின் அறைக்குப் போனதும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். "நான் சமைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் கடலப் பாத்துட்டு வாங்க. சாயங்காலம் எங்களுக்கு பஸ் இருக்கு."

கடல் பின்வாங்கியிருந்தது. கரையோரம் கரும்பாறைகள் ஈரமாக மின்னின. அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்தார். இளவேனில் இரண்டு பாறை தள்ளி உட்கார்ந்தாள். இருவரும் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவள் காலருகே ஒரு சங்கு நடந்து போனது.

சங்கு எப்படி நடக்கும்? அவள் எழுந்து பின்னாலேயே போனாள். சங்குக்குள்ளிருந்து ஒரு குட்டி நண்டு கால்களை நீட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓடி, பாறையிலிருந்த ஒரு குழிக்குள் தொப்பென்று விழுந்தது.

குழி நிறையக் கண்ணாடி போல் கடல் தண்ணீர். அடியில் விரல் நீள மீன் ஒன்று. ஓரத்தில் பச்சைப் பாசி. பாறையிலேயே ஒட்டிக்கொண்டு, சாமந்தி போல் இதழ் விரித்த ஏதோ ஒன்று.

"அப்பா, இங்க வந்து பாரேன்."

அப்பா வந்து, சட்டை நனைவதைப் பார்க்காமல் பாறைமேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"எட்டு மாசமா இங்கதான் இருக்கேன். இதப் பாத்ததே இல்லம்மா."

"ஞாயித்துக்கிழமை லீவுல என்னதான் பண்ணுவே?"

"துணி துவைப்பேன். தூங்குவேன். அப்புறம் எஸ்.டி.டி. பூத் வரைக்கும் நடந்து போவேன். போன் பண்ணா கீழ் வீட்டுக்காரங்கதானே எடுக்கணும், எத்தனை தடவை அவங்களத் தொந்தரவு பண்றதுன்னு திரும்பி வந்துடுவேன்."

இளவேனில் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏங்கியது தான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"இந்தப் பூவத் தொடுப்பா" என்றாள்.

அப்பா தீக்காயத் தழும்புள்ள விரலால் மெதுவாகத் தொட்டார். பூ சட்டென்று இதழ்களைச் சுருக்கியது. அப்பா பதறிக் கையை இழுத்து எழுந்தார். கால் வழுக்க, பக்கத்துக் குழியில் இடுப்பளவு நனைந்து உட்கார்ந்துவிட்டார்.

இளவேனிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவும் சிரித்தார். சிரிக்கும்போது தாடிக்குள்ளே அது பழைய அப்பாதான்.

பிறகு அவள் வாய் ஓயவில்லை. பூனை, பந்தயம், மார்க் எல்லாம் வந்தன. நண்டுக்கு ஒரு கொடுக்கு பெரிது. அதை வீசி வீசி நடந்தது.

"எங்க மேஸ்திரி இப்படித்தான் கைய வீசிட்டு வருவாரு" என்றார் அப்பா. அன்றிலிருந்து அதன் பெயர் மேஸ்திரி.

வெயில் ஏற ஏற அலைகள் கிட்டே வந்தன. குழிக்குள் புதுத் தண்ணீர் நுழைந்தது.

"மேஸ்திரிய டிபன் பாக்ஸ்ல போட்டுத் தரவா? ஊருக்கு எடுத்துட்டுப் போறியா?"

எடுத்துப் போக அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பள்ளியில் எல்லோருக்கும் காட்டலாம். ஆனால் அப்பாவின் அறையும், ஞாயிறுதோறும் அவர் பூத் வரை போய்த் திரும்புவதும் நினைவுக்கு வந்தன.

"வேணாம்ப்பா. இது உன்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பாத்து எனக்கு எழுது."

பத்து நாள் கழித்து ஜீவனஹள்ளிக்கு ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. அப்பா வழக்கமாக மூன்று வரிதான் எழுதுவார். இந்த முறை ஓரத்தில்கூட இடம் விடவில்லை.

"அன்றைக்குப் போலவே எட்டு மணிக்குப் போனேன். பாறையே தெரியவில்லை, எல்லாம் தண்ணீர். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் நம் குளம் வெளியே வந்தது. மேஸ்திரி வேறு சங்குக்குக் குடிபோய்விட்டார். நடை மட்டும் மாறவில்லை. இந்த முறை பூவைத் தொட்டபோது நான் விழவில்லை."

"என்னடி எழுதியிருக்காரு?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். "நல்லா இருக்காராமா?"

"மேஸ்திரி நல்லா இருக்காராம்மா."

"உங்க அப்பாவக் கேட்டேன்டி."

இளவேனில் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள்.

"அவரும்தான்" என்றாள். பிறகு காலண்டரை எடுத்து, கிறிஸ்துமஸ் லீவுக்கு இன்னும் எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தாள்.