வேல் பாய்ந்த தோள்

மேலைவானத்துச் செம்மை வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் கரைந்து, நாணற்புதர்களிடையே நாரைகள் ஒடுங்கத் தொடங்கிய அந்தி வேளையில், தென்கரைப் பாசறையின் கடைக்கோடியில் வெற்றுடம்புடன் கர்லாக்கட்டை சுழற்றிக்கொண்டிருந்த வீரனை அன்பார்ந்த வாசகர்கள் சற்றே கவனிக்க வேண்டும். இடக்கை சுழற்றிய பெருங்கட்டை காற்றைக் கிழித்து முழங்கியது. வலக்கையில் இருந்ததோ அதில் பாதி எடைகூட இல்லாத சிறு கட்டை. அதுவும் தோளுக்கு மேல் எழ மறுத்தது.

அவன்தான் படைத்தலைவன் மழவராயன். இரண்டாண்டுகளுக்கு முன் கூர்மலைக் கோட்டை முற்றுகையில், மதில்மீதிருந்து பாய்ந்து வந்த வேல் ஒன்று அவனது வலத்தோளைத் துளைத்தது. புண் ஆறியது, வலிமை திரும்பவில்லை. இன்னும் பத்து நாட்களில் படை மீண்டும் கூர்மலை நோக்கிப் புறப்படும். வலக்கையால் வாளைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினாலன்றித் தலைமை அவனுக்கில்லை என்பது மன்னரின் கட்டளை.

"அவசரம் வேண்டாம், தளபதியாரே! இடக்கையோடு போட்டியிட்டால் வலக்கை தோற்கத்தான் செய்யும்," என்றாள் அருகில் நின்ற பூதிநங்கை. ஆறு மாதங்களாக அவனுக்குத் தைலமிட்டுப் பயிற்சி அளித்துவரும் மருத்துவப் பெண் அவள். முதல் மாதம் முழுவதும் நீர் நிரம்பிய செம்பை ஏந்தி நிற்பதைத் தவிர வேறெதற்கும் அவள் இணங்கவில்லை.

"தங்கள் செம்பைவிடப் பகைவரின் யானையே மேல், நங்கையே!" என்று நகைத்த மழவராயன், மூச்சை அடக்கிக் கட்டையை மெல்ல உயர்த்தினான். தோள் நடுங்கியது, நெற்றி நரம்பு புடைத்தது. கட்டை தலையைக் கடந்து, முதுகைச் சுற்றி, மறுபடி முன்னே வந்தது.

"கண்டீர்களா!" என்று கூவித் திரும்பியவன் திகைத்தான். அவள் விழிகளில் நீர் தளும்பியது.

"இந்தக் கை குணமாகக் கூடாதென்றே வந்தவள் நான். கூர்மலைக் கோமானின் மகள். அன்று மதில்மேல் நின்று அந்த வேலை எறிந்தவளும் நானே. ஒரு நரம்பைத் தவறாக அழுத்தியிருந்தால் போதும். ஆயுள் முழுதும் இது எழுந்திராது. ஆனால் செம்பை ஏந்திக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றீர்களே... அதற்குமேல் என்னால் முடியவில்லை. காவலரை அழையுங்கள்."

மழவராயன் அழைக்கவில்லை. கட்டைகளைத் தரையில் வைத்தான்.

"போரின்றிக் கோட்டைக் கதவைத் திறக்கத் தங்கள் தந்தையார் என்ன கேட்பார்?"

"மலையடியிலுள்ள எங்கள் ஊர்களைத் தீண்டுவதில்லை என்ற வாக்கு. அவ்வளவே. அதை வந்து கேட்டவர் இதுவரை எவருமில்லை."

"மன்னரிடம் அந்த வாக்கை நான் பெறுகிறேன். பெற்றதும் தூதனாகக் கூர்மலைக்கு வருகிறேன்."

"மன்னர் தங்கள் தலையைக் கேட்டால்?"

"கேட்கட்டும். கூர்மலைமீது இந்தக் கை வாளெடுக்காது. இது ஆணை!" என்று வலக்கையை உயர்த்தினான் மழவராயன். களைத்திருந்த கை பாதி தூரத்தில் நின்று நடுங்கியது.

பூதிநங்கை முன்னே வந்து, அது தாழ்ந்துவிடாதபடி தன் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.